சுல்தானின் இடுப்பு

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் மாதவராஜின் வீட்டுக்கு வழி கேட்டால், "போலீஸ் நாய் இருக்குற வூடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். ஓசூர் போய் வாங்கி வந்த ஜெர்மன் ஷெப்பர்டு. பெயர் சுல்தான். அதன் அப்பன், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் அச்சடித்த சான்றிதழ் ஒன்று கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. தன் சொந்தப் பூட்டன் பெயர் மாதவராஜுக்குத் தெரியாது. நாயின் பூட்டன் எந்த ஊரில் பரிசு வாங்கினான் என்பது தெரியும்.

சுல்தான் நடக்கும்போது முதுகு பின்னால் சரியும். புட்டம் இப்படியும் அப்படியும் ஆடும். ஓடினால் பின்னங்கால் இரண்டையும் முயல் மாதிரி சேர்த்துப் போட்டுத் துள்ளும். "ராஜநடை" என்றான் மாதவராஜ். ஊரும் ராஜநடை என்றது. தக்காளி வியாபாரி வந்தாலும் கட்சிக்காரர் வந்தாலும், வாசலில் நாயை ஒரு சுற்று நடத்திக் காட்டிய பிறகுதான் காபி வரும்.

அதே வாசலில் அவன் தங்கை காவேரி மட்டும் ஆள் இருக்கும்போது நடக்கக் கூடாது. அவளும் ஒரு பக்கம் சாய்ந்து ஆடித்தான் நடப்பாள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். அவள் நடைக்கு மட்டும் ராஜா கிடைக்கவில்லை. நொண்டி என்று ஊர் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. பின்னாலேயே சாய்ந்து நடந்து காட்டிய பிள்ளைகளுக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். பெண் பார்க்க ஆள் வந்தால், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவளைப் பாயில் உட்கார வைத்துச் சேலையைப் பரப்பிவிடுவார்கள். அவர்கள் போகும்வரை எழக் கூடாது. விஷயம் தெரிந்து யாராவது கேட்டுவிட்டால், "சின்னதுல மாட்டுக்கொட்டாயில வுழுந்துட்டாங்க" என்று அம்மா காசியம்மாள் சொல்வாள். விழுந்தது என்றால் அது மாட்டுக்கொட்டாயின் குற்றம். பிறவி என்றால் குடும்பத்தின் குற்றம். அந்தக் குடும்பம் எந்தக் காலத்திலும் குற்றம் செய்தது கிடையாது.

மாதவராஜுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வயிற்றில் தலை கீழே வராமல் கால் கீழே இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவன் மனைவி பானுமதிக்குத் தாய் இல்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் புகுந்த வீட்டுக்கே வந்தாள். வந்த அன்றே காசியம்மாள் பழைய வேட்டியைக் கிழித்து, குழந்தையின் இரண்டு காலையும் நீட்டி ஒன்றாகச் சேர்த்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிச் சுற்றினாள். குளிப்பாட்டும்போது தவிர அவிழ்க்க விடவில்லை.

"அத்தக்காரி காலு வந்துரக் கூடாது பாரு. நீட்டிக் கட்டுனாத்தான் நேரா வளரும்" என்றாள். அத்தைக்காரி பக்கத்திலேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இப்படியிருக்கையில் ஒருநாள் ராஜநடை நின்றுபோனது. வழவழப்பான டைல்ஸ் தரையில் சுல்தானின் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விலகின. வீலென்று கத்திப் படுத்துவிட்டது. மாதவராஜ் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தான். சோறு வைக்கிற கைக்குத்தான் நாய் அடங்கும் என்பதால் காவேரியும் பின்சீட்டில் ஏறினாள்.

தருமபுரியில் நாய் பார்க்கிற டாக்டர் ஓர் இளம்பெண். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இடுப்பெலும்புல கிண்ணம் மாதிரி குழி இருக்குங்களா, தொடையெலும்போட உருண்டை அதுக்குள்ள உக்காரணும். இவனுக்குக் கிண்ணத்துல ஆழமே இல்ல. உருண்டை வெளிய நழுவுது. டிஸ்ப்ளேசியான்னு சொல்வோம். பொறப்புலருந்தே வர்றதுங்க. எடையக் கொறைங்க. வழுக்குற தரையில வுடாதீங்க. பெட்டைக்கும் சேக்காதீங்க, குட்டிக்கும் வரும்."

"சர்டிபிகேட் இருக்குதே டாக்டர்!" என்றான் மாதவராஜ்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காவேரியைப் பார்த்தாள். காவேரி சாய்ந்து நடந்து உள்ளே வந்ததையும் பார்த்திருப்பாள் போல. "உங்களுக்கும் சின்னதுலருந்து இப்படியாங்க?"

"அவ வுழுந்துட்டாங்க" என்றான் மாதவராஜ், மூச்சு விடுவதற்குள்.

"மனுசங்களுக்கும் இது உண்டுங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு அதிகம். வூட்ல ஒருத்தருக்கு இருந்தாலோ, புள்ள கால் கீழ இருந்து பொறந்தாலோ கட்டாயம் பாக்கணும். காலச் சேத்து இறுக்கிக் கட்டுனா இன்னும் கெட்டுப்போகும். சில மாசத்துக்குள்ள எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டா, கால விரிச்சே வெச்சிருக்குற வார் மாட்டியே சரிபண்ணிடலாம்."

மாதவராஜ் அப்போது நாய்க்கு என்ன தைலம் நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.  தன் காலைக் காவேரி நினைக்கவில்லை. அது ஆறிப்போன சோறு. வேட்டித் துணிக்குள் கிடக்கும் இரண்டு சின்னக் கால்களை நினைத்தாள்.

அன்று மாலையே கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு வந்து இறங்கியது. அந்த டைல்ஸில் காவேரி எத்தனையோ முறை வழுக்கி விழுந்திருக்கிறாள். "பாத்து நடக்கத் தெரியாது" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த விரிப்பு.

குழந்தையின் கட்டை அவள் அவிழ்த்தாள். ஒரு தொடையில் மடிப்பு கூடுதலாக இருந்தது. முழங்காலை மடக்கி விரித்தால் ஒரு பக்கம் பாயில் படிந்தது. மறுபக்கம் பாதியில் நின்றது. பானுமதியைக் கூப்பிட்டுக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

பானுமதி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் காலுக்குத் தொண தேடுறியா?"

காசியம்மாள் ஓடி வந்தாள். "நாய் டாக்டரு சொன்னாளாம்! நாளைக்குக் கோழி டாக்டர் வந்து முட்டை போடச் சொன்னாப் போடுவியாடி?" மறுபடி இறுக்கிச் சுற்றினாள், முன்னிலும் அழுத்தமாக.

காவேரி மாதவராஜிடம் சொன்னாள். "எலும்பு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா ஊரு என்னா பேசும்? நாளைக்கு அவளும் கல்யாணத்துக்கு நிக்கணும்ல?" என்றான். பாயில் கிடப்பவளுக்குக் கல்யாணக் கவலை. அவள் நடப்பாளா என்ற கவலை யாருக்கும் இல்லை.

தொட்டில் போட்டுப் பெயர் வைக்கும் நாள் வந்தது. பானுமதியின் அப்பா பச்சியப்பன் பென்னாகரத்திலிருந்து சீர்த்தட்டுகளோடும் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடும் வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், ராஜநடை எங்கே காணோம் என்று கேட்டுவிட்டார். மாதவராஜுக்கு வாய் ஊறியது.

"டிஸ்ப்ளேசியாங்க. இடுப்பு வியாதி. சாதா நாய்க்கெல்லாம் வராது, ஒசந்த ரகத்துக்குத்தான் வரும். நான் ஒடனே படம் எடுத்துட்டேன். பொறப்புலயே வர்றதுங்க, நேரத்துல பாத்துரணும். பொறுப்புக் கெட்டவந்தான் பாக்காம வுடுவான்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

உள்ளறையில் குழந்தையோடு இருந்த காவேரியின் காதில் இது விழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரின் கால்களும் கதவிடுக்கில் தெரிந்தன. இத்தனை பேர் முன்னால் அவள் நடந்ததே இல்லை.  குழந்தையின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டாள். குழந்தையைக் கால் இரண்டும் விரிய இடுப்பில் வைத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து கூடத்தின் நடுவுக்கு வந்தாள். காசியம்மாள் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். அவள் உட்கார்ந்தாள், பச்சியப்பனுக்கு எதிரில்.

"பாப்பாவுக்கும் அதேதாண்ணா" என்றாள், மாதவராஜைப் பார்த்து.  குழந்தையைப் படுக்க வைத்து முழங்கால்களை மடக்கி விரித்தாள். ஒன்று படிந்தது. ஒன்று நின்றது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பச்சியப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "ஏன் மாப்ள, நாய்க்குப் படம் எடுத்தீங்க. எம் பேத்திக்கு எடுக்கலீங்களா?"

"நாளைக்குப் போலாம்னுதாங்க மாமா..."

"நாளைக்கு என்னாத்துக்கு? காரு வாசல்லதான நிக்குது."

பொறுப்புக் கெட்டவன் யார் என்று மாதவராஜே விளக்கி முடித்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. சாவியை எடுத்தான். பின்சீட்டெல்லாம் நாய் முடி. பானுமதியும் காவேரியும் குழந்தையோடு அதிலேயே ஏறினார்கள்.

எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். கிண்ணம் ஆழமில்லை, உருண்டை நழுவுகிறது, நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?"

மாதவராஜ் முந்திக்கொண்டான். "எங்க நாய்க்கு இருக்குதுங்க டாக்டர்."

டாக்டர் பேனாவை அப்படியே பிடித்தபடி அவனைப் பார்த்தார்.

"எனக்கு இருக்குதுங்க" என்றாள் காவேரி. "பொறந்ததுலருந்து. நான் எங்கயும் வுழலங்க."

வார் மாட்டியதும் குழந்தை தவளை மாதிரி காலை விரித்துக்கொண்டு வீறிட்டது. பிறகு தன் கட்டைவிரலைக் கண்டுபிடித்து ஓய்ந்தது. காரில் ஏறும்போது பானுமதி அழுது வீங்கிய முகத்தோடு, யாரையும் பார்க்காமல் குழந்தையைக் காவேரி மடியில் வைத்தாள்.

"நீயே வச்சுக்க. வாரக் கழட்டவே கூடாதாம். உங்கம்மாவ நம்ப முடியாது, ஒரு கண்ணசந்தா அவுத்துப்புடுவாங்க."