கதவுக்குள் கிழிந்த தாள்

பழைய காரின் முன் சீட்டில், ஓட்டுபவர் இடத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெளியே மெக்கானிக் குழாயைப் பிடித்துக் கதவின் மேல் தண்ணீர் விட்டான். எங்கே ஒழுகுகிறது என்று உள்ளே இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புருஷன் போய் ஒரு மாதம் ஆகிறது. அவர் இருந்தபோதே, மழை பெய்தால் அவள் கால் வைக்கும் இடத்தில் குளம் கட்டும். "இந்தச் சகதியில நான் ஏற மாட்டேன், நீங்களே ராஜா மாதிரி போங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அவர் முன் கண்ணாடி ஓரமெல்லாம் பசை தடவிப் பார்த்தார். ஒழுகல் நின்றபாடில்லை. கடைசி நாளும் தனியாகத்தான் ஓட்டிப் போனார். நெஞ்சு வலித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை.

"கதவுக்கு அடியில வருதுப்பா" என்றாள்.

மெக்கானிக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினான். "உள்ள தண்ணியைத் தடுக்குற பிளாஸ்டிக் தாள் கிழிஞ்சிருக்கும்மா. யாரோ புண்ணியவான் இதை விட்டுட்டு முன் கண்ணாடியைச் சுத்திப் பூசியிருக்காரு!" என்று சிரித்தான். "அரை மணி நேர வேலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. இனிமே நீங்க தாராளமா இங்க உக்காந்து போகலாம்."

அவள் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள்.

"யாருப்பா ஓட்டுவா?" என்றாள்.