பூனைக்காரம்மா எடுத்த நேர்காணல்

கம்பெனியில் ஆள் எடுப்பதுதான் அவருக்கு வேலை. எதிரே உட்கார்ந்து பொய் சொல்கிறவனை, வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவோம் என்று அவருக்கு ஒரு மிதப்பு. அப்பேர்ப்பட்ட மகா புத்திசாலி, பூனை முடி பட்டாலே தும்மித் தீர்க்கிற தன் மூக்குக்காக ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, மனைவியோடு பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்கக் கிளம்பினார்.

மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. பூனை வளர்க்கலாமா என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். உடனே, "வேண்டாங்க, உங்களுக்கு ஆகாதே" என்று அவளே பேச்சை முடித்துக்கொண்டாள். அவருக்கு மனசு தாங்கவில்லை. "அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு" என்று அளந்துவிட்டார்.

கூடையை நீட்டினால் குட்டியைப் போட்டுத் தருவார்கள் என்று நினைத்துப் போன மனிதரை, குட்டி விற்கிற பூனைக்காரம்மா சோபாவில் உட்கார வைத்துக் குடைந்தெடுத்தாள்.

"ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கீங்களா? வெளியூர் போனா யார் பாத்துப்பாங்க? வீட்டுல யாருக்காவது அலர்ஜி?"

"சேச்சே! எனக்குப் பூனைன்னா உயிரு. என் குறையே அளவுக்கு மீறிப் பாசம் வைக்கிறதுதான்."

இதே ரகப் பதிலை நேர்காணலில் சொன்னவர்களை அவர் கூசாமல் கழித்துக்கட்டியிருக்கிறார். தன் வாயிலிருந்தே அது வந்தபோது அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

குட்டியை மடியில் விட்டு, முடி சீவுகிற விதத்தை அந்த அம்மா விளக்க ஆரம்பித்தாள். மூக்கை அடக்கிய மாத்திரை கண்ணையும் தூக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. தன் குறட்டை கேட்டுத்தான் அவர் விழித்தார்.

"என்ன மாத்திரை சார் போட்டீங்க?"

அவர் அவசரமாகக் குட்டியின் முதுகைத் தடவ ஆரம்பித்தார்.

"சரி, யோசிச்சு சொல்லி அனுப்புறேன்."

அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாதா? எத்தனை பேரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்! மனைவி காலிக்கூடையை எடுத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லிட்டேம்மா," என்றார். "எனக்குத் தும்மல் வரும். பூனை பிடிக்குமான்னுகூடத் தெரியாது. இவளுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்."

அந்த அம்மா குட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இப்படித்தான் ஒருத்தர் மறைச்சு வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்தார். அந்தக் குட்டி சோபாவுக்கு அடியிலயே கிடந்துச்சு. இது தாயை விட்டுப் பிரிய இன்னும் நாளிருக்கு. வாராவாரம் வந்து உக்காருங்க, மாத்திரை போடாம. உங்க உடம்பு தாங்குச்சுன்னா பாக்கலாம்."

அடுத்த வாரம் உட்கார்ந்தார். குட்டி மடியேறியதும் வெடித்த தும்மலில் அது பறந்துபோய் மனைவியின் தோளில் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மகள் போனபிறகு அந்தச் சிரிப்பை அவர் இப்போதுதான் கேட்கிறார்.

இன்னும் இரண்டு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அடுத்த வாரமும் வரலாங்களா, மேடம்?" என்று கேட்டார், வேலை தேடி வந்தவனைப்போல.