பூட்டி வைக்க வேண்டியவை

குழந்தைகள் நலத்துறை அதிகாரி வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பஸ் டிரைவர் தன் மனைவியின் தலையைக் குளியலறைக் கதவில் மோதினார். தீயணைப்புக் கருவியை அவள் கோணலாக மாட்டிவிட்டாளாம். கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும் என்று வளர்ப்புப் பெற்றோர் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மனுஷன் எண்ணத்தான் செய்தார். எண்ணி எண்ணி அடித்தார். ஏழில் கை வலித்து நிறுத்தினார்.

தெருவில் அவருக்குச் சிரிச்சமூஞ்சி என்று பெயர். தங்கமான மனிதர் என்று மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். மூவருமே அந்த வீட்டில் சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைக்கிறவர்கள்தான்.

டிரைவர் மனைவி தையல்காரி. வளர்ப்புப் பெற்றோர் உரிமம் கைக்கு வந்தால், காப்பகத்திலிருக்கும் நாலு வயதுக்காரி வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளை மூன்று முறை பார்த்ததிலேயே கண்ணளவில் ஐந்து கவுன் தைத்துவிட்டாள். இதற்காகத்தான் பதினோரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றி வீக்கத்தின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அதிகாரி சின்னப் பெண், மோப்பம் பெரியது. ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், வெந்நீர்க் குழாயில் விரலை வைத்துப் பார்த்தாள். சிரிச்சமூஞ்சி பின்னாலேயே ஜோக்கடித்தபடி நடந்தார். கடைசியாக, குழந்தைக்கு ஆபத்தானவற்றைப் பூட்டி வைக்கச் சொல்லியிருந்த அலமாரி. தையல்காரி பெருமையோடு திறந்தாள். மேல்தட்டில் மாத்திரைகள். நடுவில் கத்தரிக்கோல், ஊசிகள், ஆசிட் பாட்டில். கீழ்த்தட்டில், ஒழுங்காகச் சுருட்டிய ஒரு பெல்ட். அவர் டியூட்டிக்குக் கட்டுகிற பெல்ட் இல்லை, மற்றது.

"இது எதுக்கும்மா இங்க?"

துறை கொடுத்த பட்டியலை நாலு தடவை படித்து, அதன்படி அடுக்கியவள். கை தானாக எடுத்து வைத்திருந்தது. அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. ஒரு பொய் போதும், கவுன்களுக்கு ஆள் வந்துவிடும். ஆனால் அந்தக் குழந்தையின் முதுகு எவ்வளவு சின்னது என்பது அவள் கண்ணுக்குத்தான் தெரியும்.

"ஆபத்தான பொருளெல்லாம்னு போட்டிருந்துச்சுங்க," என்றாள்.

சிரிச்சமூஞ்சி சிரித்தார். "அவ கொஞ்சம் லூசுங்க மேடம். சாவியக் குடும்மா, பூட்டிடலாம்."

சிரிப்புக் குறையாமலே அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். உள்ளே ஏதோ சொடக்கென்றது. அதிகாரியின் பேனா நின்றது.

"சார், கையை விடுங்க."

அவருக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை. சாவியைப் பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்துப் பிரித்தார். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. சுண்டுவிரல் மட்டும் சாவி வளையத்துக்குள் கொக்கியாக மாட்டிக்கொண்டு, வெளுத்துப்போய், நின்றது.