குதிரையின் பின்பாதி

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருபவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் வேலை. பல வருஷமாக அதைச் செய்ததில் அவளுடைய வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. பஸ்ஸில் போனால் முன்னால் இருப்பவரின் இருக்கையை உதைத்தாள். கடையில் கணவர் தள்ளுவண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் தரையை ஓங்கி மிதித்தாள். டி.வி.யில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் சோபாவுக்கு முன்னால் கிடந்த முக்காலி பறந்தது.

காலோடு போயிருந்தால் பரவாயில்லை. குரலும் சேர்ந்துகொண்டது.

"கண்ணாடியைப் பாருங்க! உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி!" என்று பகல் முழுக்கக் கத்திவிட்டு வருபவள், வீட்டில் "சாப்பிடலாமா?" என்பதைக்கூட எதிரே லாரி வருகிற மாதிரிதான் கேட்டாள். தூக்கம் போயிற்று. பிரஷர் ஏறிற்று. அவள் கணவர் திரைச்சீலை தைப்பவர், சாதுவான மனிதர். அவரே ஒருநாள் பொறுமை இழந்து, அவளைக் கையோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. மேஜைக்கடியில் அக்காவின் கால், டாக்டரம்மாவின் கால்மேல் முழு பலத்தோடு இறங்கியது.

"அம்மா!" என்று டாக்டரம்மா எழுந்தே விட்டார். கொஞ்ச நேரம் நொண்டினார். பிறகு உட்கார்ந்து, "மாத்திரை எழுதறேன். ஆனா உங்களுக்கு மாத்திரை மட்டும் பத்தாது. இன்னொண்ணும் எழுதறேன்," என்றார்.

சீட்டை வாங்கிக்கொண்டு கணவர் கீழே மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"முதல் மாத்திரை இருக்கு. ரெண்டாவது... நா... ட... கம். வாரம் ரெண்டு வேளை. இது சிரப்பா?"

"தெரியலையேங்க."

"புதுசா வந்திருக்கும். இருங்க, வேற கம்பெனியில இருக்கான்னு பாக்கறேன்." நாலைந்து டப்பாக்களை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ஸ்டாக் இல்ல."

கணவர் மறுபடி மாடியேறி, அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுப்பதா பின்னால் எடுப்பதா என்று கேட்டார்.

"நாடகம்தாங்க," என்றார் டாக்டரம்மா. "மேடையில நடிக்கறாங்களே, அந்த நாடகம். மேல் மாடியில பிசியோதெரபி ரூம்ல நடத்தறாங்க. பாட்டு, படம் வரையறது, நடிப்பு எல்லாம் உண்டு. உடம்பு தளரும், தூக்கம் வரும். நிறைய பேருக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. அனுப்பி வைங்க. என் காலைக் காப்பாத்துங்க."

அக்கா வீடு முழுக்கக் குதித்தாள். "எனக்குப் பிரஷர்னு போனா நடிக்கச் சொல்றாங்களே! பைத்தியம்னு நெனச்சுட்டாங்களா?"

"மாத்திரையை மட்டும் கேள்வி கேக்காம முழுங்கற. இதையும் முழுங்கித்தான் பாரேன்," என்றார் கணவர்.

மேல் மாடி அறையில் பெரிய பெரிய ரப்பர் பந்துகளும், பாய்களும், பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பிகளும் இருந்தன. நாடகத்தை நடத்தியவர் பிசியோ அம்மா. கல்லைக்கூட "எங்க, கையைத் தூக்குங்க பாப்போம்" என்று சொல்லித் தூக்க வைத்துவிடுகிறவர். வேஷங்களை ஏற்கெனவே பங்கு போட்டு முடித்திருந்தார். காலில் மாவுக்கட்டு போட்ட எலெக்ட்ரீஷியன் எப்படியும் உட்கார்ந்தேதான் இருந்தார் என்பதால் அவர் ராஜா. வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், பேசவே கூடாது என்று சொல்லப்பட்ட கணக்கு டீச்சர் ராணி. ராணிக்கு வசனம் கிடையாது.

"உங்களுக்குக் குதிரை," என்றார் பிசியோ அம்மா. "பின்பாதி."

"பின்பாதியா?"

"முன்பாதிக்கு ஆள் இருக்குங்க."

முன்பாதி திரும்பிப் பார்த்தது. அக்காவைக் கண்டதும் அதன் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் ஒரு பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் குனிந்து குனிந்து கழுத்து மரத்துப்போனதால் இங்கே அனுப்பப்பட்டவர். அதற்கு முன்னால் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிற பாடத்தில், அவள் போட்ட ஒரு சத்தத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி, காரையும் அக்காவையும் நடுரோட்டில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துபோனவர். அன்றிலிருந்து கிளினிக்குக்கும் நடந்துதான் போனார்.

"சார், நீங்களா!" என்றாள் அக்கா.

பல் டாக்டர் பிசியோ அம்மாவின் காதருகே போய், "பின்னாடி வேற யாராவது..." என்று இழுத்தார்.

"யாரும் இல்ல. குனிங்க."

அன்று உடுப்பு தயாராகவில்லை. ஒரு படுக்கை விரிப்பை இருவர்மேலும் போர்த்தினார்கள். அக்கா குனிந்து, பல் டாக்டரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான்.

"எங்க போறீங்க? மெதுவா! எதிர்ல யாராவது வராங்களா? கண்ணாடியைப் பாத்தீங்களா?"

"மேடம், குதிரைக்குக் கண்ணாடி ஏது?"

"அப்ப தலையைத் திருப்பிப் பாருங்க!"

"அந்தக் கழுத்துக்குத்தான் நான் இங்க வந்திருக்கேன்!"

அவர் வெறுப்பில் வேகமாக இரண்டு எட்டு வைத்தார். அக்காவின் வலது கால் தன் வேலையைக் காட்டியது. பின்னங்கால்கள் நின்றுவிட்டன, முன்னங்கால்கள் போய்க்கொண்டிருந்தன. பல் டாக்டர் விரிப்போடு பறந்து ஒரு ரப்பர் பந்தின்மேல் விழுந்து, அது தள்ளிவிட, ராஜாவின் மடியில் வந்து உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமே இல்லாமல் குலுங்கினார்.

பிசியோ அம்மா விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, குதிரை பேசாது. அப்படியே பேசினாலும் அந்தப் பக்கமா பேசாது."

அக்காவுக்குப் பேசாமல் இருப்பது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. விரிப்புக்குள்ளே இருட்டு. ஒன்றும் தெரியாது. ஒருவர் ஓட்டுகிறார், அவள் பின்னால் வருகிறாள், பிரேக் அவளிடம் இல்லை. முதல் சில ஒத்திகைகளில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. அதைப் பார்க்க பல் டாக்டருக்கே மனசு கேட்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு செய்யறேன்," என்றார் அவர். "பல்லைக் குடையறப்ப பேஷன்ட் பயப்படாம இருக்க நான் வாயை மூடிக்கிட்டு ஏதாவது மெட்டு முனகிட்டே இருப்பேன். அதே மாதிரி இங்கயும் முனகறேன். இடது பக்கம்னா கீழ்க்குரல். வலது பக்கம்னா மேல்குரல். முனகல் நின்னா நிக்கணும். நீங்க கேட்டுட்டு வந்தா போதும்."

"ராகம் எல்லாம் எனக்குத் தெரியாது சார்."

"எனக்கும்தான் தெரியாது."

இருட்டில் அந்த முனகல் வண்டு மாதிரி ரீங்கரித்தது. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அதைக் கவனிப்பதற்காகவே அக்கா மூச்சை மெதுவாக விட வேண்டியிருந்தது. தோள் இறங்கியது. தாடை தளர்ந்தது. யாரும் எதையும் இடித்துவிடவில்லை என்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாக நம்பினாள். ஒருநாள் ராஜாவின் நீளமான வசனத்துக்காகக் குதிரை காத்திருந்தபோது, பின்பாதியிலிருந்து லேசாகக் குறட்டை கேட்டது. அக்கா பல் டாக்டரின் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

பிசியோ அம்மா எல்லோருக்கும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பல் டாக்டர் அசையாமல் நின்றார். மரத்த கழுத்தோடு, நின்ற இடத்தில் நிஜக் குதிரை மாதிரி நின்றார். ராஜா மிச்ச வசனத்தைக் கிசுகிசுத்தே முடித்தார். எதிரி நாட்டின்மேல் போர் அறிவித்ததும் கிசுகிசுப்பில்தான்.

உடுப்பை அக்காவின் கணவர் தைத்தார். அவர் கடையில் போதுமான அளவு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு துணிதான், பெரிய பெரிய ரோஜாப்பூ போட்டது. பிடரிக்கு ஜன்னல் திரையின் லேஸ் வைத்தார். வாலுக்குத் திரையை ஒதுக்கிக் கட்டுகிற குஞ்சம். மனைவிக்கு மூச்சு முட்டக் கூடாதே என்று வாலுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டையும் விட்டார்.

"குதிரையா, மெத்தையா?" என்று கேட்டார் ராஜா.

"அரண்மனைக் குதிரைன்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் கணவர் விட்டுக்கொடுக்காமல்.

நாடகத்தை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், நோயாளிகள் காத்திருக்கிற கூடத்தில் போட்டார்கள். நாற்காலிகளைத் தள்ளிப்போட்டு, பலகைகளை அடுக்கி மேடை. ஊசி போட வந்தவர்கள், பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், கட்டுப் பிரிக்க வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார். ரோஜாப்பூக் குதிரை மேடையேறியதுமே கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அந்தக் கைதட்டல் ராஜாவின் தலைக்கேறியது. ஒத்திகையில் இல்லாத பாசத்தோடு, "என் செல்லமே!" என்று குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து உலுக்கினார். குதிரைத் தலை அரைவட்டம் திரும்பிக்கொண்டது. பார்ப்பதற்கு விட்டிருந்த ஓட்டைகள் பல் டாக்டரின் பிடரிக்குப் போய்விட்டன.

"மேடம்," என்று உள்ளே நடுங்கும் குரல் கேட்டது. "ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு."

"எனக்கு இத்தனை நாளா அப்படித்தான் சார்."

பல் டாக்டர் பதற்றத்தில் முனகிக்கொண்டே நடக்கத் தொடங்கினார், நேரே மேடையின் விளிம்புக்கு. கூடம் மூச்சைப் பிடித்தது. முனகல் திடீரென்று நின்றுபோனது. அக்காவின் வலது கால், யாரும் கேட்காமலே, ஓங்கி இறங்கியது. பலகை அதிர்ந்தது. குதிரை விளிம்பில் நின்றது. முன்னங்கால் ஒன்று மருந்துக் கடைக்காரரின் வழுக்கைக்கு மேலே காற்றில் தொங்கியது.

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். வாலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் மேடை முழுவதும் தெரிந்தது, பின்பக்கமாக.

"சார், ரிவர்ஸ் எடுத்துடலாம்."

"ரிவர்ஸா? அதுதானே என்னால முடியாது!"

அவள் தொண்டை வரைக்கும் ஒரு கத்தல் ஏறி வந்தது. வாயைத் திறந்தாள். குதிரை பேசக் கூடாது என்பது நினைவு வந்தது. கத்தலை விழுங்கிவிட்டு, வாழ்நாளில் முதல் முறையாக அவள் முனகினாள். கீழ்க்குரல். பல் டாக்டரின் உடம்பு ஒரு நொடி தயங்கியது. பிறகு அவருடைய கால் பின்னால் ஓர் அடி வைத்தது.

மேல்குரல். இன்னோர் அடி.

ரோஜாப்பூக் குதிரை, கழுத்து திருகிய தலையோடு, பின்புறமாக ஆடி அசைந்து போயிற்று. ராஜாவின் மாவுக்கட்டை மயிரிழையில் தவிர்த்தது. ராணியைச் சுற்றி வளைந்தது. அங்கே சிம்மாசனத்துக்கும் ஒரு பூந்தொட்டிக்கும் நடுவில் ஒரு குதிரை அளவுக்கே இடம் இருந்தது. முனகல் மேலே போய், கீழே இறங்கி, நின்றது. குதிரையும் நின்றது, இந்தப் பக்கமும் இடிக்காமல், அந்தப் பக்கமும் இடிக்காமல்.

ராஜா இதையெல்லாம் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர், திரும்பி, "ஐயையோ, என் குதிரை எங்கே?" என்றார்.

"பின்னாடிதான் நிக்குது! கண்ணைத் தொறந்து பாருங்க!"

கத்தியது கணக்கு டீச்சர். நாடகத்தில் ராணியின் ஒரே வசனம் அது. அதுவும் எழுதிய நாடகத்தில் இல்லவே இல்லை. தன் தொண்டையிலிருந்து சத்தம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை கத்திப் பார்த்தார். கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பல்வலிக்காரர் ஒருவர் "ஐயோ சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

நாடகம் முடிந்ததும் உடுப்பின் ஜிப் சிக்கிக்கொண்டது. கணவர் ஓடிவந்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "இருக்கட்டும், அப்படியே கையை நீட்டுங்க," என்றார். வாலுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். தன் காலை மட்டும் எட்ட வைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இறங்கியிருக்கு," என்றார்.

"எனக்கும் பாருங்க டாக்டர்," என்றது முன்பாதி.

"நீங்களே டாக்டர்தானே?"

"நான் பல்லு வரைக்கும்தான்."

அதற்குப் பிறகு டிரைவிங் ஸ்கூலில், திருப்பங்கள் வரும்போது பிரேக் அக்கா முனகத் தொடங்கினாள். புதிதாக வந்தவர்கள் இஞ்சினில் ஏதோ கோளாறு என்று பயந்தார்கள். பழகியதும் பிடித்துப்போயிற்று. பல் டாக்டர் மறுபடி வந்து சேர்ந்தார். அவரும் முனக, அவளும் முனக, அந்தக் கார் போகிற தெருவில் ஜன்னல்கள் திறந்தன. இப்போதும் அவள் கத்துவது உண்டு. ஆனால் கத்திவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார், மறுபடி ஆரம்பிப்போம்," என்கிறாள்.

அடுத்த நாடகத்தில் அக்காவுக்கு ராணி வேஷம் தருவதாகப் பிசியோ அம்மா சொன்னார்.

"வேணாம்மா. முகத்தைக் காட்டிட்டு நின்னா எல்லாரும் எதையாவது கேப்பாங்க. உள்ள இருந்தா நிம்மதி. வேற மிருகம் எதுவும் இல்லையா?"

"முதலை இருக்கு. ஆனா அது நீளம். மூணு பேர் வேணும்."

மூன்றாவது ஆளுக்காக எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணி அளவெடுக்க வந்திருந்த கணவர், இஞ்சுடேப்பைக் கழுத்தில் சுற்றிச் சுற்றி எடுத்தார். காது சிவந்திருந்தது.

"நடுப்பாதின்னா," என்றார், "அதுக்கு ரொம்ப நடிக்கத் தெரியணுமா?"

பிசியோ அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க, குனிங்க பாப்போம்."