பதினேழாம் படிவம்

"பேரு வெளிய வராதுல்ல?"

"வராதுக்கா. நம்பர் மட்டுந்தான்."

"என் கையால உனக்கு மார்க் வருதுன்னா எழுதிக்கடி. ஆனா அப்பா காதுக்குப் போச்சு, அப்புறம் உன்கிட்ட பேசவே மாட்டேன்."

பொங்கலுக்குப் பெரம்பலூர் வந்திருந்தபோது வளர்மதி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நர்சிங் கடைசி வருடம் படிக்கும் தங்கை பானுப்ரியாவின் ஆய்வு, அடிபட்டு வரும் பெண்களின் காயங்களை நர்ஸ்கள் எப்படிக் குறித்துவைக்க வேண்டும் என்பது. அக்காவின் மேல்கையில் நான்கு விரல் தடங்கள். படிவத்தில் அச்சடித்திருந்த உடம்பின் மேல் அவற்றைக் குறித்துக்கொண்டாள். கல்லூரியில் மேடம் பாராட்டியது அந்தப் பதினேழாம் படிவத்தைத்தான்.

இப்போது அரியலூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டில், பெஞ்சின் மேல் வளர்மதி பிணமாகக் கிடந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். தாடைக்கட்டைச் சரிசெய்வதுபோல் பானு குனிந்து பார்த்தாள். கழுத்தின் இரு பக்கமும் தடங்கள். விழுந்தால் அப்படி ஆகாது.

கொல்லையில் மறைப்புக் கட்டி, குடங்களில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. மாப்பிள்ளை மணிவேல் வாசலைவிட்டு உள்ளே வரவேயில்லை. அவன் அம்மா கிருஷ்ணம்மாள் வந்தாள்.

"பொறந்த வூட்டுக் கோடிய எடுங்க சம்பந்தி. குளிப்பாட்டிக் கட்டணும், வெயில் ஏறுது."

கோடிப் புடவை பானுவின் மடியில் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"நாலு எழுத்து படிச்சா பொணத்தக் காக்க வெக்கச் சொல்லுதா?" என்றாள் ஒருத்தி.

அப்பா நடராசனின் மடியில் அக்கா மகள் சக்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மூன்று வயது.

"குடுத்துடும்மா" என்றார் அப்பா, காதோடு. "நாளைக்கு இந்தப் புள்ளயப் பாக்கவாவது நம்மள உள்ள வுடணும்ல."

அப்பாவும் அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

ஒரு குடம் ஊற்றினால் போதும், அக்காவின் நகக்கண்ணில் இருக்கும் தடயமெல்லாம் போய்விடும். மிச்சத்தைச் சுடுகாடு பார்த்துக்கொள்ளும். நான்கு மாதங்களாக, அப்பா போன் செய்தபோதெல்லாம் அக்கா அடிபடும் சேதி தொண்டை வரை வந்திருக்கிறது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, "சாப்ட்டேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

கிருஷ்ணம்மாள் கையை நீட்டினாள். பானு புடவையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, அக்கா மேல தண்ணி ஊத்த வுடாதீங்க. ஸ்டேஷன்ல புகார் குடுங்கப்பா."