முன்பதிவு தேவையில்லை

மூளையைப் பற்றி எல்லாம் தெரிந்த பேராசிரியர்களுக்கு, அறுபது சொல் என்றால் எவ்வளவு என்று மட்டும் தெரியாது. 'அறிவிப்பு அறுபது சொல்லுக்குள் இருக்கட்டும்' என்று வாரா வாரம் கெஞ்சுவேன். அறுநூறு சொல்லில் வந்து நிற்கும். கூடவே, முடிந்தவரை சுருக்கிவிட்டதாக ஒரு வரியும் வரும்.

பல்கலைக்கழகத்தின் மூளை, மனநல ஆய்வு மையத்துக்கு வாரமடல் தயாரிப்பது என் வேலை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மின்னஞ்சலில் போகும். யாருக்கு விருது, யாருடைய கட்டுரை வெளியானது, எந்த ஆய்வுக்கு ஆட்கள் தேவை, இந்த வாரம் எந்த அறையில் யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடியில் எப்போதும் ஒரு நீலக் கட்டம்: 'மனம் பாரமாக இருக்கிறதா? தயங்காமல் பேசுங்கள்.' அதன் கீழே ஒரு தொலைபேசி எண்.

மடல் தயாராகும் விதத்தை வெளியே சொன்னால் மானம் போகும். போன வார மடலை நகலெடுத்து, அதன் மேலேயே இந்த வாரத்தை எழுதுவேன். என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். பழைய வரி ஏதாவது ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் ஓர் இரங்கல் செய்தியின் அடியில் 'இடங்கள் குறைவு, முந்துங்கள்' என்று போய்விட இருந்தது. தடுத்தவன் என் அண்ணன்.

அண்ணன் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். மூன்று வருடம் முன்பு, வகுப்பில் பாதிப் பேச்சில் நிறுத்தி, "யார் அது பின்னாடி பேசறது?" என்று கேட்டான். பின்னால் யாரும் பேசவில்லை. அப்புறம் மருத்துவமனை, மாத்திரை, மாற்று மாத்திரை. குரல்கள் குறைந்தன, ஒரேயடியாகப் போகவில்லை. போனது அவனுடைய தைரியம்தான். பேருந்தில் ஏறினால் தனக்குக் கேட்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்டுவிடும் என்ற பயம். பதினான்கு மாதமாக மருத்துவரிடம் போவதைத் தவிர வாசலைத் தாண்டவில்லை, அதுவும் என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்ஸியில். "ஒரே ஒரு தடவை தனியா வெளியே போயிட்டு வாங்க, அது நாலு மாத்திரைக்குச் சமம்" என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அண்ணன் தலையாட்டுவான். தலையாட்டுவதில் மட்டும் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு மதியம் அவனுக்கு ஒரு வேலை உண்டு. மடலை அச்செடுத்துக் கொடுப்பேன், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவான். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் பார்ப்பான். அறை எண்ணைப் பார்த்து, "நாலாவது மாடியில 312 எப்படி வரும்?" என்பான். தாள் திரும்பி வரும்போது அம்மை போட்டது மாதிரி இருக்கும். இந்த வாரம் இரண்டே இரண்டு சிவப்புக் குறிகள்.

"இந்த வாரம் தேறிட்டே," என்றான்.

"திருந்திட்டேன்," என்றேன். அதை நம்பவும் செய்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டு நின்றான். நாற்காலியில் நீலச் சட்டை தொங்கியது. அம்மா அதை ஏற்கெனவே இரண்டு முறை தேய்த்திருந்தாள்.

"மூணு மணிக்கு உங்க மையத்துல ஒரு பேச்சு இருக்குல்ல, குரல் கேக்கறவங்களைப் பத்தி. போயிட்டு வரலாம்னு பாக்கறேன்."

"சரி, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம். பஸ்ல வர்றேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து, "ஒண்ணும் சொல்லாதடி. கண்ணு பட்டுடும்," என்று காதோரம் கிசுகிசுத்தாள். அவள் கண்தான் முதலில் கலங்கியிருந்தது. அலுவலகம் போகும் வழியெல்லாம் பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டே போனேன்.

பத்தரைக்கு மூன்றாம் மாடி தொலைபேசியில் கூப்பிட்டார்கள். குரல் கேட்பவர்களின் மூளையை ஆராயும் பேராசிரியருக்கு மையத்தில் அதுதான் பெயர். 'மூன்றாம் மாடி வர்றாங்க' என்றால் காபி குடிப்பவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"என் ஆய்வுக்கூடக் கூட்டத்துக்கு எதுக்கு அனைவரும் வருகன்னு போட்டிருக்கே?"

மடலைத் திறந்து பார்த்தேன். 'குரல் ஒலிக்கும் நேரத்தில் மூளை: புதிய படங்கள். வியாழன், மாலை 3 மணி, அறை 308.' அடியில், போன வாரம் தூக்கத்தைப் பற்றி நடந்த பொதுச் சொற்பொழிவின் வால்: 'அனைவரும் வருக. முன்பதிவு தேவையில்லை. காபி, பிஸ்கட் உண்டு.'

"பழைய வரி மேடம். எடுக்க மறந்துட்டேன்."

"அந்த ரூம்ல பதினெட்டு நாற்காலி. காட்டப்போறது எல்லாம் இன்னும் வெளிவராத படங்கள். திருத்தம் அனுப்பு. உடனே."

இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டேன். 'இன்றைய கூட்டம் ஆய்வுக்கூட உறுப்பினர்களுக்கு மட்டும். தவறுக்கு வருந்துகிறோம்.' அனுப்பும் பொத்தான் மேல் விரல் போய் நின்றது, அழுத்தவில்லை. என் மடலை யார் எப்போது திறக்கிறார்கள் என்பது என் திரையில் தெரியும். அண்ணன்தான் எப்போதும் முதல் ஆள். இதையும் அவன்தான் முதலில் படிப்பான். சட்டையைக் கழற்றி மடித்து வைப்பான். அப்புறம் இன்னொரு பதினான்கு மாதமா, இல்லை அதற்கு மேலா என்று யாருக்குத் தெரியும்?

படியேறி மூன்றாம் மாடிக்குப் போனேன். அவர்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயாச்சா?" என்றார்கள்.

"இல்ல மேடம். எங்க அண்ணன் வர்றான்."

"இங்க வேலை செய்யறாரா?"

"இல்ல. அவனுக்குக் குரல் கேக்கும்."

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் ஒருவரிடமும் சொல்லாததை, நின்ற நிலையில், மூச்சு வாங்க, போட்டு உடைத்துவிட்டேன். பதினான்கு மாதம், டாக்ஸி, நீலச் சட்டை, அம்மாவின் இஸ்திரி வரைக்கும் கொட்டினேன். மூன்றாம் மாடி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

"வாரா வாரம் தயங்காமல் பேசுங்கள்னு போடறே. நீ யார்கிட்டயாவது பேசினியா?"

"போடறது வேலை மேடம்."

அவர்கள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "எத்தனை பேர் வருவாங்க?"

"சாதாரணமா அனைவரும் வருகன்னு போட்டா பதினோரு பேர் வருவாங்க. அதுல நாலு பேர் பிஸ்கட்டுக்கு."

"கீழ் அரங்கத்தைப் பிடி. வெளிவராத படங்களை எடுத்துடறேன், மிச்சம் போதும். திருத்தத்துல இடம் மாறினதை மட்டும் போடு." நான் வாசல்வரை போன பிறகு குரல் துரத்தியது. "இனிமே நகலெடுத்து எழுதினே, தொலைச்சுடுவேன்."

இரண்டே முக்காலுக்கு அரங்கத்தில் பதினோரு பேர் இல்லை. ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் மடலை நோயாளிகளின் குடும்பங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்திருக்கிறார். கடைக்குப் போகும் பையோடு ஓர் அம்மாள், மகனோடு ஒட்டி உட்கார்ந்த ஓர் அப்பா, வேலைச் சீருடையிலேயே வந்துவிட்ட ஒருவர். பிஸ்கட் வாங்க இரண்டாம் முறையும் ஆள் அனுப்பினேன். அண்ணனை மட்டும் காணோம்.

ஒன்றே முக்காலுக்கே அம்மா தொலைபேசியில், "கிளம்பிட்டான்டி, திரும்பிக்கூடப் பாக்கல," என்று அழுதிருந்தாள். பேருந்துக்கு அரை மணிதான். மூன்று அடித்தது. பேச்சு தொடங்கியது. மூன்று ஐந்துக்கு என் கைபேசியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பாதி வழியில் இறங்கித் திரும்பியிருப்பானோ? தெரியாத நிறுத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பானோ? பெரிய மனுஷி மாதிரி படியேறிப்போய் வாதாடினேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீலச் சட்டை தெரிந்தது. உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வரக் கால் துடித்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அவன் கதவில் நான் அவசரமாக எழுதி ஒட்டிய 'இடமாற்றம்' தாளைப் படித்தான். பையிலிருந்து பேனாவை எடுத்தான். தேதியைத் திருத்தினான். மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். என் அண்ணன்தான், சந்தேகமே இல்லை.

மூன்றாம் மாடி இவ்வளவு எளிதாகப் பேசி நான் கேட்டதில்லை. குரல் கேட்பவர் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருப்பார். குரல் வந்ததும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியில் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் காட்டும். "சில நேரம் ஒருத்தர் முழு நேரமும் பொத்தானை அழுத்தவே மாட்டார். அன்னைக்குக் குரல் வரலன்னு அர்த்தம். அந்தப் பதிவை விட்டுடுவோம்."

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"ஒரு சந்தேகம்," என்றான் அண்ணன். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் வகுப்பெடுத்த காலத்துக் குரல்தான். "பொத்தானை அழுத்தாதேன்னு அந்தக் குரலே சொன்னா, அவர் என்ன பண்ணுவார்?"

வேலைச் சீருடையில் வந்தவர் மெதுவாகத் தலையாட்டினார். அண்ணன் எழுந்து நின்றான்.

"எனக்குக் கேக்கற குரல் அப்படித்தான் சொல்லும். இப்பகூடச் சொல்லுது, உக்காருன்னு. அழுத்தாதவங்களை எல்லாம் குரல் வராதவங்கன்னு தள்ளிட்டீங்கன்னா, அதிகமா மிரட்டப்படறவங்களைத்தான் தள்ளறீங்க. உங்க கணக்குல மிஞ்சறது சாதுவான குரல்கள் மட்டும்."

மூன்றாம் மாடி திரையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். மையத்தில் யாரும் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்கள். "அதை நாங்க யோசிக்கவே இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், கேலியாக இல்லை. அப்புறம் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பையோடு வந்த அம்மாள், தன் மகள் பல்லைக் கடிக்கும்போதுதான் குரல் வருகிறதென்று தனக்குத் தெரியும் என்றார். நான்கு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஐந்துக்குத்தான் முடிந்தது. கிளம்பும்போது மூன்றாம் மாடி அண்ணனை நிறுத்தி, "அடுத்த செவ்வாய் இந்தச் சோதனையை மாத்தி அமைக்க உக்காரறோம். நீங்க வந்தா நல்லா இருக்கும். புள்ளியியல் தெரிஞ்ச ஆளும் எங்களுக்கு வேணும்," என்றார்கள். அண்ணன் தலையாட்டவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். என்னால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

"ஏன் லேட்டு? உயிரே போயிடுச்சு எனக்கு."

"ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். மூணாவதுல ஏறினேன்."

"தெரியுமா, நீ வந்திருக்கவே கூடாது. அது உள்கூட்டம். பழைய வரி ஒண்ணு தவறி நின்னுபோச்சு. என் தப்பு."

"தெரியும்," என்றான். "ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன். ஆய்வுக்கூடக் கூட்டத்துல பிஸ்கட் எங்கேருந்து வரும்?"

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். "பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எடுத்துடுவே."

ஆமாம், எடுத்திருப்பேன். அவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு எடுத்திருப்பேன். பேருந்து வந்தது. அண்ணன் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கையை வைத்து எனக்காகப் பிடித்துக்கொண்டான்.