பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்?

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது அகத்தேடல், ஆன்ம வலி என்றெல்லாம் கிளப்பிவிடக் கூடாது. எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. படுத்தேன். எழுந்தேன். எழுந்த செய்தி எப்படியோ வாரப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் காதுக்குப் போய்விட்டது. எழுதுகிறவர்கள் மத்தியில் அவருக்குக் கத்தரி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டு, "மீதி ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்.

"படுத்துட்டீங்களாமே," என்றார் தொலைபேசியில்.

"ஆமா சார். இப்ப பரவாயில்லை."

"நல்லதாப் போச்சு. ஆரோக்கிய மலர் ஒண்ணு போடறோம். நோயிலேருந்து மீண்டு வந்த மாதிரி சுடச்சுட ஒரு கதை குடுங்க. நம்பிக்கையா முடியணும். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

நான் படுத்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று. எனக்கும்தான், பொய் சொல்வானேன். போர்வைக்குள் கிடந்து முனகிக்கொண்டிருந்தபோதே உள்ளே ஒருவன் உட்கார்ந்து, 'இதை எழுதலாம், இதையும் எழுதலாம்' என்று பொறுக்கிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் வலித்தபோதும் அவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்தக் கல்நெஞ்சனைத்தான் நீங்கள் எழுத்தாளன் என்கிறீர்கள்.

இன்னொரு தகவல். பக்கத்து அறையில் என் மனைவி காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். என்னிடமிருந்து தொற்றியதுதான். நான் கட்டிலை விட்டு எழுந்தேன், அவள் அதில் படுத்தாள், போர்வைகூட மாறவில்லை. ஆனால் இந்தக் கதை எழுந்தவனைப் பற்றியது என்பதால் இப்போதைக்கு அவளை அங்கேயே விட்டுவிடுவோம்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முயன்றதை எல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

'ஜன்னல் வழியே வந்த இளவெயில் அவன் பாதங்களை—'

வேண்டாம். நோயிலிருந்து மீளும் கதைகளில் வெயிலுக்கு வேறு வேலையே கிடையாது, நேராக வந்து பாதத்தில்தான் விழும். எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் யார் வீட்டு ஏசியோ ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கும்.

'மரணத்தின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பிய அவனுக்கு—'

கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். நான் தொட்டது அதிகம் போனால் குளியலறை வாசலை.

'அவன் ஒரு நில அளவையாளன்.* காய்ச்சல் விட்ட காலையில் உலகத்தையே யாரோ புதிதாக அளந்து வைத்திருந்தது போல் இருந்தது அவனுக்கு. மனைவி வெந்நீருடன் வந்தாள்.'

இது நிற்கும் என்று பட்டது. இதைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் ஓட்டினேன்.

(* ஏன் நில அளவையாளன்? எழுத்தாளனைக் கதாநாயகனாக வைத்தால் கத்தரிக்குப் பிடிக்காது. "கண்ணாடி முன்னாடி நின்னு தனக்குத்தானே கைதட்டிக்கிற மாதிரி இருக்கு" என்பார். நில அளவை பற்றி எனக்குத் தெரிந்தது அதற்கு ஒரு சங்கிலி உண்டு என்பது மட்டும். இப்போது அதுவும் இல்லையாம்.)

3

மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது அவள் தண்ணீர் எடுக்க வெளியே வந்தாள். போர்வையைத் தலைவரைக்கும் சுற்றியிருந்தாள். என் பின்னால் நின்று திரையைப் படித்தாள்.

இங்கே அவளுடைய தொழிலைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. தவறான பதில் வந்தால் தவறான கண்ணாடி. அதனால் பதில் விஷயத்தில் அவள் ரொம்பக் கறார்.

"இவளுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள்.

"யாருக்கு?"

"இந்தப் பொண்டாட்டிக்கு. வெந்நீர் கொண்டு வர்றா, போறா. மறுபடி வெந்நீர் கொண்டு வர்றா. குழாய்க்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கா."

"அன்பைக் காட்டறதுக்காக அப்படி."

"யாரோட அன்பை?"

நான் திரையை அடுத்த பத்திக்கு நகர்த்தினேன்.

"இவளுக்குக் காய்ச்சல் வராதா?"

"கதை அவனைப் பத்தினதும்மா."

"ஓஹோ," என்றாள். இந்த ஓஹோவுக்கு அடிக்குறிப்பு போட்டால் கதையைவிட நீண்டுவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தவுடன் என்ன செய்தேன் தெரியுமா? 'சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கு வலிக்குமோ என்பது போல் மெல்ல நடந்தாள்' என்று ஒரு வரி தட்டினேன். நன்றாக வந்திருந்தது. அவ்வளவு நல்ல வரியை அவளுக்குக் கொடுப்பானேன் என்று 'நடந்தான்' என்று மாற்றி நில அளவையாளனுக்குக் கொடுத்துவிட்டேன்.

4

கதாநாயகன் மேல் எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது. மூன்று பக்கமாக மீண்டுகொண்டே இருக்கிறான். பூவைப் பார்க்கிறான், பறவையைப் பார்க்கிறான், வாழ்வின் அருமையை உணர்கிறான். பக்கத்தில் இருக்கும் ஆளை மட்டும் பார்க்கக் காணோம்.

நான் படுத்த கதையே வேறு. நான் மௌனமாக நோயுறும் ரகம் இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு முனகல், ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு "ஐயோ, அம்மா". வெப்பமானி காட்டுவதை நேரடி வர்ணனை போல் வீட்டுக்கே அறிவித்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணியை நெற்றியில் போட்டால் ஜில்லென்று இருக்கிறது என்றேன். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்றேன். அவள் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள். விசாரிக்கக் கூப்பிட்டவர்களிடம் எல்லாம், "அவரால பேச முடியல," என்று மெதுவாகச் சொன்னாள். என்னால் பேச முடியாமல் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லக் கேட்டது சுகமாக இருந்தது.

அவள் படுத்த பிறகு வீடு நிசப்தமாகிவிட்டது. அறைக் கதவையும் சாத்தியாயிற்று. மறுபடி எனக்குத் தொற்றிக்கொள்ளக் கூடாதாம்.

"உங்ககிட்டேருந்து வந்த கிருமிதானே. அதுக்கு உங்களை அடையாளம் தெரியாதா?" என்று அவள் சிரித்ததும் உண்மை.

கதவைச் சாத்தியது யார் என்பதில் என்னிடம் இரண்டு வரைவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவளே சாத்திக்கொள்கிறாள். நீங்கள் அந்த வரைவையே வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

5

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மதியம் ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் எழுந்து நடப்பது வழக்கம். நடந்தபோது அறைக் கதவு வழியில் வந்தது. சரி, வந்ததுதான் வந்தோம் என்று வெளியில் நின்றபடியே கேட்டேன்:

"எப்படி இருக்கு? நான் உள்ள வரட்டுமா, இல்ல எழுதி முடிச்சிட்டு வரட்டுமா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது:

"பரவாயில்லை."

நான் திரும்பி வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழர்கள் ஆயுளையே ஓட்டிவிடலாம். பேருந்தில் காலை மிதித்தவனிடம் பரவாயில்லை என்றால், வலிக்கிறது ஆனால் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்பவரிடம் பரவாயில்லை என்றால், வேண்டாம். பையன் எப்படிப் படிக்கிறான் என்பதற்குப் பரவாயில்லை என்றால், மேலே கேட்காதீர்கள். என் கதையைப் படித்த நண்பன் பரவாயில்லை என்றால், அவன் பாதியிலேயே வைத்துவிட்டான். வேண்டும், வேண்டாம், வலிக்கிறது, வலிக்கவில்லை, வா, போ எல்லாவற்றுக்கும் ஒரே சொல். கேட்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேட்டது மூன்று கேள்வி. வந்தது ஒரு பதில். எப்படி இருக்கு என்பதற்கு என்றால், தேவலை. உள்ளே வரட்டுமா என்பதற்கு என்றால், வேண்டாம். எழுதி முடித்துவிட்டு வரட்டுமா என்பதற்கு என்றால், தாராளமாக எழுதுங்கள். மூன்றுமே எனக்குச் சாதகம். இப்படி ஒரு பதில் கிடைத்தால் யார்தான் கிளறுவார்கள்?

ஆனால் அவள் இந்தச் சொல்லைச் சொல்கிறவள் இல்லை. அதுதான் உறுத்தியது. கடையில் வில்லையை மாற்றிப் போட்டு எப்படித் தெரிகிறது என்று கேட்டால் பாதிப் பேர் பரவாயில்லை என்கிறார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவாள். "பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்? எழுத்து தெரியுதா, தெரியலையா? என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு குருட்டுக் கண்ணாடியை வாங்கிட்டுப் போறாங்க."

அப்படிப்பட்டவள் என்னிடம் அதைச் சொன்னாள். உறுத்தலை ஓரமாக வைத்துவிட்டு முடிவுக்கு வந்தேன். கதையின் முடிவுக்கு.

6

கத்தரி கேட்ட நம்பிக்கைக்கு ஏற்ப முதல் முடிவு: நில அளவையாளன் வேலைக்குத் திரும்புகிறான். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். மனைவி வாசலில் நின்று கையசைக்கிறாள், இன்னொரு கையில் வெந்நீர். (படம் போட வசதி.)

இரண்டாம் முடிவு: மனைவிக்கும் காய்ச்சல் வருகிறது. இந்த முறை அவன் வெந்நீர் வைக்கிறான், கையைச் சுட்டுக்கொள்கிறான், இருவரும் சிரிக்கிறார்கள். ஒரே ஒரு முறை அடுப்படிக்குள் போனதற்கு அவனுக்குப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம். இதற்குக் கத்தரி கண் கலங்குவார்.

மூன்றாவது முடிவு: 'மறுநாள் காலை அவன் அவளுடைய அறைக் கதவைத் திறந்தபோது—'

இதை எழுதியதும் என் கை நின்றுவிட்டது. கதைக்குப் பொருத்தமா என்று யோசிப்பதற்காக நிற்கவில்லை. பயந்துபோய் நின்றது. எழுதியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

7

கதவுக்கு அருகில் போனபோது அவள் பேசுவது கேட்டது. கடையில் கூட வேலை பார்ப்பவளிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு நடுவே வந்ததை அப்படியே தருகிறேன். இதில் என் கைவரிசை எதுவும் இல்லை.

"இல்லடி, குறையல. நேத்தைக்கு இன்னிக்கு அதிகமாத்தான் இருக்கு. படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உட்கார்ந்தாத்தான் இழுக்கவே முடியுது. இடது பக்கம், விலாவுக்குக் கீழ, இருமும்போது குத்துது. வலது பக்கம் இல்ல. பயமாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அவரா? வெளியில எழுதிட்டிருக்காரு... இல்ல, சொல்லல. சொன்னா பதறிடுவாரு. அப்புறம் அவரை நான் உட்கார்ந்து தேத்தணும். அதுக்கு இப்ப எனக்குத் தெம்பு இல்லடி. நீ சாயங்காலம் வந்துடறியா? டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்."

எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு. இருட்டறையில் உட்காருகிறவர்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்படுவாளோ, அப்படி ஒரு பதில். சொல்லத் தெரியாமல் இல்லை. என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

8

கதவைத் திறந்தேன். தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தாள்.

"ஏன் எங்கிட்ட பரவாயில்லைன்னு சொன்ன?"

"நீங்க அதைத்தானே கேட்டீங்க."

"எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"கதவுக்குக் கீழ உங்க கால் தெரிஞ்சுது," என்றாள். நடுவில் மூச்சு வாங்கினாள். "கேட்கும்போதே ஒரு கால் மேசைப் பக்கம் திரும்பியிருந்துச்சு."

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"எழுந்திரு, டாக்டர்கிட்ட போலாம்," என்றேன்.

"அவ வர்றேன்னு சொல்லியிருக்கா. நீங்க கதையை முடிங்க. சாயங்காலத்துக்குள்ள கேட்டாங்கல்ல."

"கதை கிடக்கட்டும்."

"நிஜமாவா?" என்றாள். இருட்டறையில் வில்லையை மாற்றிப் போட்டுவிட்டுக் கேட்பாளே, அந்தக் குரலில்.

"நிஜமா."

"சரி, அப்ப வண்டி கூப்பிடுங்க. நான் துணி மாத்திக்கறேன்."

9

வண்டிக்குச் சொல்லிவிட்டேன். வருகிறது. கூட வேலை பார்ப்பவளை நேராக மருத்துவமனைக்கே வரச் சொல்லியாயிற்று.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அறைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரிகிறது என்றால், அதை யாரோ எழுதியிருக்க வேண்டும். ஆமாம். சட்டையை மாட்டிக்கொள்ள வெளியே வந்தவன், வருகிற வழியில் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் இன்னும் போடவில்லை. 'ஒரு கால் மேசைப் பக்கம் திரும்பியிருந்துச்சு' என்று அவள் சொன்னதும் என் உள்ளே இருப்பவன் துள்ளிக் குதித்தான், மறப்பதற்குள் எழுதிவிடு என்றான். உடம்பு தேறியிருக்கிறது. ஆள் தேறவில்லை.

கத்தரி அவர்களே, நம்பிக்கையான முடிவு கைவசம் இல்லை. இதிலேயே எங்காவது வெட்டிக்கொள்ளுங்கள். வாசகரே, மேலே மூன்று முடிவுகள் கிடக்கின்றன, மூன்றாவதைத் தொடாதீர்கள். அதைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாகவும் ஒன்று செய்துகொள்ளுங்கள். அவள் எழுந்து நடமாடும் முடிவாக இருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

உள்ளேயிருந்து "என்னங்க" என்கிறாள். இந்தப் பத்திக்கு இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது. நல்ல வாக்கியம், கதை முழுவதும் அதில்தான் போய் நிற்கும். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அவளை இரண்டாம் முறை கூப்பிட வைக்க முடியாது.